அரக்கர்களைப் பெற்றவர்கள்

கிரீட் தீவின் மன்னன் மினோஸ் செய்தது ஒரு சாதாரண மோசடி. அரசுரிமைக்குப் போட்டி வந்தபோது, தெய்வங்கள் தன் பக்கம் என்று காட்ட வேண்டிய கட்டாயம் அவனுக்கு. கடல் தெய்வமான பொசைடனிடம் ஒரு காளையை அனுப்பும்படி வேண்டினான். வந்தால் அதையே பலி கொடுப்பதாக வாக்கும் கொடுத்தான். அலைகளுக்குள்ளிருந்து காளை எழுந்து வந்தது. ஊர் வாயடைத்துப் போனது, அரியணை உறுதியானது. ஆனால் அவ்வளவு அழகான காளையை வெட்ட மினோஸுக்கு மனம் வரவில்லை. அதைத் தன் மந்தையில் சேர்த்துவிட்டு வேறொரு மாட்டைப் பலி கொடுத்தான். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை மாற்றிக் கட்டும் ஆசாமிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

பொசைடன் மினோஸைத் தண்டிக்கவில்லை. அவன் மனைவி பாசிஃபேயைத் தண்டித்தான். அந்தக் காளையின் மீது அவளுக்குத் தீராத மோகம் பிறக்கும்படி செய்தான். அரண்மனைச் சிற்பி டேடலஸ் ஒரு மரப்பசுவைச் செய்து கொடுத்து அந்த மோகம் நிறைவேற வழி செய்தான். பிறந்த குழந்தைக்கு மனித உடல், காளைத் தலை. அதே டேடலஸைக் கொண்டு, உள்ளே போனவர் வெளியே வர முடியாத ஒரு சிக்கல்கோட்டையைக் கட்டி, குழந்தையை அதற்குள் அடைத்தான் மினோஸ். தோற்றுப்போன ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் அதற்கு இரையாக அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை விதித்தவனும் அவன்தான்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏதென்ஸிலிருந்து தீசியஸ் வந்தான், மினோஸின் மகள் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான், அரக்கனைக் கொன்றான். குழந்தைகளுக்கான புத்தகங்கள் இந்த இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. நூல், வாள், இருட்டு, உறுமல். மாற்றிக் கட்டிய மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

இத்தனைக்கும் அந்த அரக்கனின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. மினோட்டார் என்றால் மினோஸின் காளை என்று பொருள். அது அவனுடைய சொந்தப் பெயர் அல்ல. பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயர் அஸ்டெரியஸ் என்று கிரேக்கத் தொன்மங்களைத் தொகுத்த அப்பல்லோடோரஸின் நூல் சொல்கிறது. நட்சத்திரத்தோடு தொடர்புள்ள அழகான பெயர். அது யாருக்கும் நினைவில்லை. ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. அந்தப் பெயரிலேயே குற்றவாளியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளாக உச்சரித்தும் நம் காதில் விழவில்லை.

கிரேக்கப் புராணங்களின் விசித்திர ஜீவன்களைத் தமிழில் கொண்டுவர உட்காரும் எவருக்கும் முதல் இடறல் இந்தப் பெயர் விஷயம்தான். அரக்கன், அசுரன், பூதம், பேய், பிசாசு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரக்கன் என்று எழுதிய உடனே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. கிரேக்க மொழியில் இவற்றைக் குறிக்கும் சொற்களில் ஒன்று 'தெரஸ்'. அதற்கு அடையாளம், சகுனம், உற்பாதம் என்றும் பொருள் உண்டு. லத்தீன் மொழியின் 'மான்ஸ்ட்ரம்' என்ற சொல், எச்சரிப்பது என்ற வினையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அதாவது அந்த ஜீவன் எதையோ காட்டுகிறது. எங்கோ ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல வருகிறது. இரண்டு தலைக் கன்று பிறந்தால் கிராமத்தில் பெரியவர்கள் கன்றைத் திட்ட மாட்டார்கள். ஊரில் யார் என்ன பாவம் செய்தது என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே கிரேக்கக் கதைகளைப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். அரக்கர்களுக்கு அங்கே எப்போதும் ஒரு பின்கதை இருக்கிறது. கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற கவிஞர் தெய்வங்களின் வம்சாவளியைப் பாடியபோது அரக்கர்களுக்கும் பொறுப்பாக வம்சாவளி எழுதிவைத்தார். யார் பெற்றது என்பதோடு யார் வளர்த்தது என்றும் சொல்கிறார். ஹெராக்ளிஸ் கொன்ற பல தலைப் பாம்பு ஹைட்ராவை வளர்த்தது யார்? ஜீயஸின் மனைவி ஹீரா. ஏன்? தன் கணவன் இன்னொருத்தியிடம் பெற்ற ஹெராக்ளிஸின் மீதிருந்த கோபம். நெமியா ஊரைச் சூறையாடிய சிங்கத்தை வளர்த்துவிட்டவளும் அவள்தான். சிங்கம் செத்தது, பாம்பும் செத்தது. ஹீரா ஒலிம்பஸ் மலையில் அரியணையில் இருந்தாள். நெமியாவில் சிங்கத்துக்கு இரையானவர்களின் பெயர் எந்த வம்சாவளியிலும் இல்லை.

மெடூஸாவின் கதை இன்னும் மோசம்.

மூன்று கோர்கன் சகோதரிகளில் அவள் ஒருத்திக்குத்தான் மரணம் உண்டு என்கிறார் ஹெசியட். பொசைடன் அவளோடு வசந்தகால மலர்கள் நிறைந்த புல்வெளியில் படுத்தான். பிறகு பெர்சியஸ் அவள் தலையை வெட்டியபோது கழுத்திலிருந்து பெகசஸ் என்ற குதிரையும் க்ரைசேயர் என்ற வீரனும் வெளியே பாய்ந்தார்கள். அதாவது, கொல்லப்பட்டபோது அவள் கர்ப்பிணி. வீரக்கதையில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பிறகு ரோமானியக் கவிஞர் ஓவிட் இதை வேறு விதமாகச் சொன்னார். மெடூஸா பேரழகி, அவள் கூந்தல்தான் அழகிலும் அழகு. கடல் தெய்வம் அவளை மினர்வாவின் கோயிலுக்குள்ளேயே பலாத்காரம் செய்தான். கிரேக்கர்களின் அதீனாவைத்தான் ரோமானியர்கள் மினர்வா என்றார்கள். தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தண்டனை கொடுத்தாள், மெடூஸாவுக்கு. கூந்தல் பாம்புகளாயிற்று. கடல் தெய்வத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயிலின் புனிதம் கெட்டது, கெடுத்தவன் பெரிய இடம், ஆகவே கெடுக்கப்பட்டவள் ஊரைவிட்டு விலக்கப்பட்டாள். இந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொள்ள நமக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கிரேக்கர்களுக்கு மெடூஸாவின் மீது பயம் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கோர்ஃபு தீவில் கி.மு. 580 வாக்கில் கட்டிய ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு நடுவில் நின்றவள் ஒரு கோர்கன். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், பிதுங்கிய கண்கள், தொங்கும் நாக்கு, இரு பக்கமும் அவள் பிள்ளைகள். கேடயத்திலும் கூரை ஓட்டிலும் அவள் முகத்தைப் பதித்தார்கள். புதுவீட்டு வாசலில் திருஷ்டி பொம்மை கட்டுகிறவர்களுக்கு இதன் தர்க்கம் உடனே புரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 450-440 காலத்து ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் மெடூஸா அழகான இளம்பெண்; தூங்கிக்கொண்டிருக்கிறாள். பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிவாளை அவள் கழுத்தில் வைக்கிறான். இந்தக் காட்சியில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை ஓவியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அதைவிட விசித்திரம், பிண்டார் என்ற கவிஞர் கி.மு. 490-ல் டெல்ஃபி நகரப் போட்டியில் வென்ற ஒரு குழல் கலைஞனுக்காக எழுதிய பாடல். இரட்டைக் குழல் இசை எப்படிப் பிறந்தது என்று அதில் சொல்கிறார். மெடூஸா கொல்லப்பட்டதும் அவள் சகோதரிகள் கதறி அழுதார்கள். அதைக் கேட்ட அதீனா, அந்த ஒப்பாரியைப் போலவே ஒலிக்கும் இசையைக் குழலுக்காக உருவாக்கி மனிதர்களுக்குக் கொடுத்தாள். கொலைக்கு உதவியவள் துக்கத்தையும் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் ஒன்றைப் பிண்டார் மறைக்கவில்லை: அரக்கிகளும் தங்கைக்காக அழுவார்கள்.

2020 அக்டோபரில் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒரு மெடூஸா சிலை வந்தது. அர்ஜென்டீன-இத்தாலியச் சிற்பி லூசியானோ கர்பாட்டி 2008-ல் உருவாக்கிய சிலை அது. இந்த மெடூஸா ஒரு கையில் வாளோடு நிற்கிறாள். மறு கையில் பெர்சியஸின் தலை. பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை வெளியே சொல்லத் தொடங்கியிருந்த காலம். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் அதே ஆண்டு தொடக்கத்தில் விசாரிக்கப்பட்டதும் அந்த வட்டாரத்தில்தான். சிலைக்கு ஏகப்பட்ட வரவேற்பு. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது: ஏன் பெர்சியஸின் தலை? பலாத்காரம் செய்தவன் பொசைடன் அல்லவா? நியாயமான கேள்வி. பழிவாங்கும் கற்பனையில்கூடப் பொசைடன் தப்பித்துவிட்டான்.

எல்லா அரக்கர்களும் இப்படிப் பாவப்பட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஹோமரின் ஒடிசியில் வரும் ஒற்றைக்கண் பாலிஃபீமஸ், ஒடிசியஸின் ஆட்களில் ஆறு பேரைத் தின்றவன். இரவில் இருவர், காலையில் இருவர், மறுபடி இரவில் இருவர். மன்னிப்புக்கு இடமில்லை. ஆனால் ஹோமர் மற்ற விவரங்களையும் விட்டுவைக்கவில்லை. ஒடிசியஸ்தான் அழைக்காமல் குகைக்குள் போனவன். அங்கே ஆட்டுக்குட்டிகள் வயதுவாரியாகத் தனித்தனிப் பட்டிகளில் இருக்கின்றன. பாலாடைக்கட்டி ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. வந்தவர்கள் அதை எடுத்துத் தின்கிறார்கள். கட்டியையும் குட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஆட்கள் சொல்லியும் ஒடிசியஸ் கேட்கவில்லை. விருந்தாளிக்குரிய பரிசு வேண்டுமாம்.

கண் குருடான பிறகு வரும் காட்சிதான் மறக்க முடியாதது. மந்தையின் முன்னால் போகும் பெரிய கிடா, அன்று கடைசியில் வருகிறது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருப்பது பாலிஃபீமஸுக்குத் தெரியாது. கிடாவைத் தடவிக்கொடுத்து, எப்போதும் முதலில் போகிறவன் இன்று ஏன் பின்தங்கினாய், உன் எஜமானின் கண்ணுக்காக வருத்தமா என்று கேட்கிறான். கேட்கிறவர்களுக்கு ஒரு கணம் எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாறிவிடும். ஆறு பேரைத் தின்றவன் என்பதும் மறக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கச் சொல்கிறார் ஹோமர்.

இன்னொரு விவரத்தையும் கவனிக்க வேண்டும். ஒற்றைக்கண்ணர்களுக்குச் சபை இல்லை, சட்டம் இல்லை, உழவு தெரியாது, கப்பல் கட்டத் தெரியாது. எதிரே நல்ல மண்ணும் துறைமுகமும் உள்ள தீவு சும்மா கிடக்கிறது என்று ஒடிசியஸ் விவரிக்கிறான். இது நிலம் பார்க்க வந்தவனின் பேச்சு. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் சிசிலியில் குடியேற்றங்களைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் ஒற்றைக்கண்ணர்களின் நாடு எது என்று கேட்டபோது கைகாட்டியதும் அந்தச் சிசிலியைத்தான்.

அரக்கனுக்காக முழுமனதோடு வாதாடிய கிரேக்கக் கவிஞர் என்று ஸ்டெசிகோரஸைச் சொல்லலாம். கி.மு. ஆறாம் நூற்றாண்டு. மேற்குக் கோடியில் ஒரு தீவில் சிவப்பு மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த மூன்று உடல் கெரியானைக் கொன்று மாடுகளை ஓட்டிவருவது ஹெராக்ளிஸுக்கு இட்ட பணிகளில் ஒன்று. மற்றவர்களுக்கு இது ஹெராக்ளிஸின் சாதனை. ஸ்டெசிகோரஸ் கெரியானின் பெயரில் ஒரு நெடும்பாடலே எழுதினார். அது காலத்தில் காணாமல் போய்விட்டது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளிலிருந்து அதன் பகுதிகள் 1967-ல் வெளியாயின. கிழிசல்களுக்கு நடுவே ஒரு தாய் பேசுகிறாள். போகாதே என்று மகனிடம் கெஞ்சுகிறாள். பால் கொடுத்த மார்பைச் சொல்லி மன்றாடுகிறாள். பிறகு அம்பு பாய்கிறது. கெரியானின் ஒரு தலை, இதழ் உதிர்க்கும் கசகசாப் பூவைப் போலச் சாய்கிறது.

கெரியானின் தந்தை, மெடூஸாவின் கழுத்திலிருந்து பிறந்த அதே க்ரைசேயர். ஆக, கெரியான் மெடூஸாவின் பேரன். ஒரே குடும்பத்தில் பாட்டியையும் பேரனையும் இரண்டு வீரர்கள் கொன்றிருக்கிறார்கள். இருவரும் ஜீயஸின் பிள்ளைகள்.

அரக்கர் பட்டியலில் இந்தியர்களுக்கும் இடம் இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மன்னரின் அரண்மனை வைத்தியராக இருந்த க்டேசியஸ் இந்தியாவில் கால் வைக்காமலே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனித முகமும் சிங்க உடலும் தேள் கொடுக்கும் உள்ள மிருகம் அங்கே உண்டு. நாய்த் தலை மனிதர்களும் மலைகளில் வாழ்கிறார்கள் என்றார். சந்திரகுப்தரின் சபைக்கு வந்த தூதர் மெகஸ்தனிஸ், வாயே இல்லாமல் வாசனையை முகர்ந்து வாழும் மக்களைக் கங்கையின் பிறப்பிடத்தில் குடிவைத்தார். இந்தப் பட்டியல் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் கைமாறிக்கொண்டே வந்தது. 1510-ல் வெளியான லுதோவிகோ டி வர்தேமா என்ற இத்தாலியரின் பயண நூல், கோழிக்கோட்டில் மன்னர் வழிபட்ட தெய்வத்தைக் கொம்பும் கோரைப்பல்லும் உள்ள சாத்தானாக வர்ணித்தது. நம் தெய்வச் சிலைகள் ஐரோப்பியக் கண்ணுக்கு இப்படி அரக்கர்களாகத் தெரிந்த வரலாற்றைக் கலை வரலாற்றாசிரியர் பார்த்தா மித்தர் 1977-ல் ஒரு முழு நூலாகவே எழுதினார். அரக்கன் என்ற பட்டத்தைச் சுமந்து பார்த்தவர்களுக்கு, அதைப் பிறருக்குச் சூட்டும்போது கொஞ்சம் கை தயங்கலாம்.

பத்திரிகைகளுக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. 1885 ஜூலையில் லண்டனில் 'பால் மால் கெஜட்' இதழின் ஆசிரியர் டபிள்யூ.டி. ஸ்டெட், நகரத்தில் சிறுமிகள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதைத் தொடராக அம்பலப்படுத்தினார். ஏதென்ஸ் தன் பிள்ளைகளை மினோட்டாருக்கு அனுப்பியதைத்தான் அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். நாடு கொதித்தது. பெண்களின் சம்மத வயதை 13-லிருந்து 16 ஆக உயர்த்தும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. ஒரு சிறுமியை 5 பவுண்டுக்கு வாங்க முடியும் என்று நிரூபிப்பதற்காக ஸ்டெட் தானே வாங்கிக் காட்டியதில், கடத்தல் குற்றத்துக்காக மூன்று மாதச் சிறைத் தண்டனையும் பெற்றார்.

அந்தத் தொடரின் பாதிப்பில் ஓவியர் ஜி.எஃப். வாட்ஸ் மினோட்டாரை வரைந்தார். கோட்டைச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது அது. கையின் கீழே ஒரு சிறு பறவை நசுங்கிக் கிடக்கிறது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்ற வெறியை வாட்ஸ் காட்ட நினைத்தார். ஆனால் பார்த்தவர்களில் சிலருக்கு அதில் தனிமை தெரிந்தது. அர்ஜென்டீன எழுத்தாளர் போர்ஹெஸ் அவர்களில் ஒருவர். 1947-ல் அவர் எழுதிய சிறுகதையில் அரக்கன் தன் கதையைத் தானே சொல்கிறான். தலைப்பில் இருப்பது அவனுடைய சொந்தப் பெயர்: அஸ்டெரியன்.

ஸ்டெட்டின் உவமையில் ஒரு ஓட்டை உண்டு. லண்டனில் சிறுமிகளை வாங்கியவர்களுக்குக் காளைத் தலை இல்லை. நல்ல கோட்டு, நல்ல வீடு, மாலையில் திரும்பிப் போகக் குடும்பம் எல்லாம் இருந்தது. அரக்கன் என்ற சொல் வாசகரைக் கொதிக்க வைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்க வைக்காது.

இன்றும் ஒரு குழந்தை சிதைக்கப்பட்ட செய்தி வந்தால் நம் தலைப்புகளில் காமக்கொடூரன், மிருகம், அரக்கன் என்ற சொற்கள் ஓடி வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கோபம் நியாயமானது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்பது ஆண்டு தவறாமல் வருகிறது. உறவினர், அண்டைவீட்டார், நண்பர், வேலை கொடுத்தவர். சிக்கல்கோட்டையிலிருந்து வருகிறவர்கள் மிகக் குறைவு. அரக்கன் என்று எழுதிய கணத்தில், புகாரை வாங்க மறுத்தவரும், வெளியே சொல்லாதே என்று வாயைப் பொத்திய குடும்பமும், தெரிந்தும் மௌனமாக இருந்த தெருவும் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். தீசியஸ் வந்து வாளை உருவினால் போதும் என்று ஆகிவிடுகிறது. தூக்குத் தண்டனை கேட்டு ஊர்வலம் போகிறவர்களில் சிலர், மினோஸின் மந்தையில் பால் கறந்தவர்களாகவும் இருக்கலாம்.

கொலைகாரனைக் கொலைகாரன் என்றும், பலாத்காரம் செய்தவனைப் பலாத்காரம் செய்தவன் என்றும் எழுதலாம். அந்தச் சொற்களில் குற்றம் இருக்கிறது, மனிதனும் இருக்கிறான். மனிதன் என்றால் அவனை விசாரிக்கலாம். அவனை அங்கே கொண்டுவந்து விட்டவர்களையும் விசாரிக்கலாம்.

கிரேக்கக் கதையில் அந்த விசாரணை நடக்கவே இல்லை. மினோஸுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒடிசியின் பதினோராம் பகுதியில் ஹோமர் சொல்கிறார். செத்தவர்களின் உலகத்துக்குப் போன ஒடிசியஸ் அவனை அங்கே பார்க்கிறான். கையில் பொற்செங்கோலோடு உட்கார்ந்திருக்கிறான் மினோஸ். சுற்றிலும் இறந்தவர்கள் தங்கள் வழக்குகளைச் சொல்லித் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அவன்தான் அங்கே நீதிபதி.